செலவுடன் தள்ளுபடி

நுவரெலியா நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது.
மருதாயியின் மரக்கறித் துண்டு மருதாயிக்கே நின்றது.
லீக்ஸ் நாற்றுக்கு இதெல்லாம் தெரியாது.
எனக்குத் தெரிந்தது,
இனி உட்கார்ந்து செலவுப் பட்டியல் எழுத வேண்டும்.

முத்திரை, தட்டச்சு, ஹட்டனில் ஏறிய பஸ்,
தலவாக்கலையில் மாறிய பஸ்,
எல்லாவற்றுக்கும் துண்டு இருந்தது.
சட்டத்தரணிக் கட்டணம் என்ற வரியில்
பேனை நின்றுவிட்டது.
நான் யாருக்கும் பில் போட்டதில்லை.
தொழிற்சங்கத்தின் சம்பளக்காரி.

கம்பனியின் தென்னக்கோன் எழுந்தார்.
"இவர் வழக்குப் பேசினாலும் பேசாவிட்டாலும்
அதே சம்பளம், கனம் நீதிபதி அவர்களே.
செலவாகாத காசை
நாங்கள் எப்படித் திருப்பிக் கொடுப்பது?"

நல்ல கேள்வி.
முந்தைய இரவு நானே என்னிடம் கேட்டது.

போன வருடம் ஒரு தோட்டத்து வாட்சரிடம்
தென்னக்கோனின் நாற்பது மணித்தியாலங்களுக்குக்
கம்பனி காசு வாங்கிய கட்டளையை நீட்டினேன்.
அவரும் சம்பளக்காரர்தான்.
அவர் நாற்காலிக்கு மட்டும் மணிக்கூலி உண்டா?

பிறகு மருதாயியின் சம்பளச் சீட்டைக் காட்டினேன்.
ஈ.பி.எஃப்புக்கும் தீபாவளி முற்பணத்துக்கும் நடுவே
சங்கம் என்றொரு கழிவு.
என் சம்பளம் அங்கேதான் முளைக்கிறது.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று.
இந்த வழக்குக்காக நான் மலையேறிய பதினொரு நாளும்
ஹட்டனில் என் மேசையில்
சின்னக்கருப்பனின் கோப்பு கிடந்தது.
மூன்று தரம் வந்து பார்த்தார்.
மூன்றாம் தரம்
கதவிடுக்கில் போன் நம்பரைச் செருகிவிட்டுப் போனார்.
அதற்கு என்னிடம் துண்டு இல்லை.

நீதிபதி என் குறிப்புக் கொப்பியைக் கேட்டார்.
எண்பது பக்க ஒற்றைறூள் கொப்பி.
மழை ஊறிய ஒரு பக்கத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.
சம்பளக்காரியின் நேரமும் நேரம்தான் என்றார்.
ஆனால் வாசலில் காத்திருந்தது வேலையாகாதாம்.
அறுபத்திரண்டு மணித்தியாலம்
நாற்பத்தொன்றானது.

வெளியே மருதாயி குடையை உதறிக்கொண்டிருந்தார்.
"எவ்வளவும்மா போட்டாங்க?"
சொன்னேன்.
விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்,
முகத்தில் ஆச்சரியமே இல்லை.
"தண்ணிக்குக் கழிச்சிட்டாங்களா?"

தென்னக்கோன் மேன்முறையீடு செய்வாராம்.
செய்யட்டும்.
பஸ்ஸில் கொப்பியைத் திறந்து
புதுப் பக்கத்தில் எழுதினேன்.
சின்னக்கருப்பன். பிற்பகல் 3.20 முதல்.
போனை எடுத்தேன்.
நானுஓயா வளைவில் சிக்னல் போய்விட்டது.