படிக்கக் கேட்டு

நகரி சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
ஆள் கிடைக்காத பத்திரங்களுக்கெல்லாம்
இரண்டாம் சாட்சி நான்தான்.
ச. திரிபுரசுந்தரி.
கட்டம் போதாமல் சுந்தரி எப்போதும்
கீழ் வரிக்கு இறங்கிவிடும்.

சாட்சிக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்பார்கள்.
கை அசைந்ததைக் கண் பார்த்தால் போதும்.

அந்த மாசியில் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து
தெய்வநாயகம் வந்தார்.
நூற்றுப்பத்து மரம், அத்தனையும் கிளிமூக்கு.
பூவிலேயே விலை பேசி
கூழ் ஃபேக்டரி ஓபுலேசுவிடம் முந்தின நாளே
இருபதாயிரம் அச்சாரம் வாங்கியிருந்தார்.
நூறு ரூபாய் முத்திரைத்தாள்,
பின்னால் மூன்று வெள்ளைத்தாள்,
எல்லாம் தெலுங்கு.
அதில் அவருக்குத் தெரிந்தவை எண்கள் மட்டும்.

"நீயே தமிழில் சொல்லும்மா."
சொன்னேன்.
ஏழாவது ஷரத்துக்கு வந்தபோது
திருத்தணி பஸ் வாசலை அடைத்து நின்று
விடாமல் ஹார்ன் அடித்தது.
காற்றோ மழையோ எதுவானாலும்
குறைகிற எடைக்கு அன்றைய சந்தை விலையில்
ஈடு தரவேண்டியது.
என் வாய் நிற்கவில்லை.
கடைக்கு வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.
"அப்புறம்?" என்றார் தெய்வநாயகம்.
எட்டாவதுக்குப் போனேன்.

பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து,
மை வந்ததும் தாளில் போட்டார்
நாலு இடத்தில்.

சித்திரையில் ஒரே ராத்திரிக் காற்று.
விடிந்தபோது பிஞ்செல்லாம்
மரத்துக்கு வெளியே இருந்தது.

புத்தூர் கோர்ட்டில் ஃபேக்டரி வக்கீல்
விரல் விரலாக மடக்கினார்.
ஒருவர் விலை சொன்னார், ஒருவர் சம்மதித்தார்.
பணம் கைமாறியது.
இருவருக்கும் வயது உண்டு, புத்தி சுவாதீனம் உண்டு.
மாங்காய் விற்பது குற்றமில்லை.
யாரும் கத்தியைக் காட்டவில்லை.
கடைசி வரியைப் பாருங்கள் ஐயா:
'படிக்கக் கேட்டு, சரியென ஒப்பி.'
மடக்க விரல் மிச்சமில்லாமல்
கையை மேஜையில் வைத்தார்.

ஏழாவதைப் படித்தாயா?
படித்தேன்.
அவர்?

எனக்குத் தெலுங்கு தெரியும்.
வீட்டில் பால்காரரோடு சண்டையே தெலுங்கில்தான்.
அன்றைக்கு மட்டும் தமிழில் வந்தது:
"கேட்டார்."

மொழிபெயர்க்கிற குமாஸ்தா நிமிர்ந்தார்.
வின்னாடா, அடிகாடா?
காதில் வாங்கினாரா,
இல்லை என்னவென்று வினவினாரா?
அவருக்கு இரண்டு சொல் இருந்தது.
எனக்கு ஒன்றுதான்,
அதற்குள் இரண்டு பேரும்
நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

பெஞ்சில் தெய்வநாயகம்
தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அங்கே இப்போது ஒன்றுமில்லை.
'அப்புறம்' என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம்,
ஹார்னைச் சொல்லியிருக்கலாம்.
நான் நிறுத்தாமல் படித்ததையும்.

குமாஸ்தாவின் விரல்கள்
ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டன.
எதை என்று எட்டிப் பார்க்கவில்லை.

நீதிபதி பக்கம் புரட்டினார்.
"தர்வாத?"
அப்புறம் என்று அர்த்தம்.

நான் எட்டாவதைச் சொன்னேன்.