ஏழுக்கு எட்டு

வாய்ஸ் மெசேஜில் நீங்கள் சொன்ன அளவைக்
குறித்துக்கொண்டேன், மச்சான்.
ஏழடி அகலம், எட்டடி நீளம்.
நாலு பேர் படுக்கலாமாம்.

அஸர் தொழுதுவிட்டு மாடிக்கு ஏறினோம்.
நுஸ்ஹாவின் சாக்பீஸ்,
என் தையல் பெட்டியின் இஞ்ச் டேப்.
கச்சான் காற்று டேப்பைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தது.
ஒருவழியாய்
தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவே
சலாலாவில் நாம் தங்கப்போகும் கூடாரத்தை
வரைந்து முடித்தோம்.

மாமி வந்து பார்த்தார்கள்.
"மணல்ல படுக்கவா விசாவும் டிக்கெட்டும்?
கீழக்கரையில மணலுக்கா பஞ்சம்?"
அங்கே இப்போது தூறல், மலையெல்லாம் புல் என்றேன்.
"அப்போ குடை?"
பட்டியலில் எழுதிக்கொண்டேன்.

வாசல் எந்தப் பக்கம் என்கிறான் ஆக்கிப்.
நீங்கள் சொல்லவில்லை.
கடலைப் பார்த்து இரண்டு சாண் கோட்டை அழித்துவிட்டோம்.
செருப்பை வெளியே விட்டுத்தான் வரவேண்டும்,
நுஸ்ஹாவின் சட்டம்.

படுத்துப் பார்த்தோம்.
தொட்டி ஓரம் அவள், அடுத்து அவன், பிறகு நான்.
மிச்சம் ஒன்றேகால் அடி.

இருபத்தாறு மாதமாயிற்று.
உங்கள் அகலம் எனக்குச் சரியாக நினைவில்லை.
அலமாரியிலிருந்து உங்கள் கட்டம்போட்ட சட்டையைக்
கொண்டுவந்து பக்கத்தில் விரித்தேன்.
ஒரு கை கோட்டுக்கு வெளியே போயிற்று.
காற்றுக்குப் பறக்காமலிருக்க
அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

இப்போதும் அதே சைஸ்தானா?

ஆறு பேர் கூடாரம் வாடகை எவ்வளவு என்று கேளுங்கள்.
இல்லை, வேண்டாம்.
ஆக்கிபை ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறேன்.
அடிக்கிற ஆணி வாடகையில் சேருமா, தனியா?