கிட்ட வட்டம்

காலை ஆறரை. இன்குபேட்டர் கதவைத் திறந்தால்
பழைய சோறு புளித்த வாடை.
தட்டை எடுத்து விளக்குக்கு நேரே பிடிக்கிறேன்.
ஒரே ராத்திரியில் முளைத்த மேகம்,
மேகத்துக்குள் ஆறு வெள்ளைப் பொட்டு,
பொட்டுக்கு ஒரு மருந்து.

நிலாவுக்குக் கிட்ட வட்டம் கட்டினால் எட்ட மழை,
எட்ட வட்டம் கட்டினால் கிட்ட மழை.
என் தட்டிலும் அதே கணக்குத்தான்.
பொட்டைச் சுற்றி அகலமாய் வெளிவாங்கினால்
மருந்துக்குக் கேட்கும், ஆள் தப்பிப்பார்.
அளவுகோலை வைக்கிறேன்.
செஃப்ட்ரியாக்சோன், வட்டமே இல்லை.
சிப்ரோ, இல்லை.
அமிக்காசின், ஏதோ பேருக்கு ஒரு நூல்.
மெரோபெனம் பொட்டின் விளிம்புவரை ஏறி உட்கார்ந்திருக்கிறது,
பந்தியில் அழைக்காமல் வந்தவன் மாதிரி,
கூச்சமே இல்லாமல்.

சென்னியப்பன், ஐம்பத்து மூன்று, ஆண்.
பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை.
கல்லுக்கு ட்யூப் வைத்த ஒன்பதாம் நாள் குளிர் காய்ச்சல்.
பாட்டிலில் ஒட்டிய சீட்டு இவ்வளவுதான் சொன்னது.

இன்னும் ஒரு மருந்து இருக்கிறது.
அது வட்டம் காட்டாது,
குழித்தட்டில்தான் பார்க்க வேண்டும்.
பன்னாங்குழிக்குப் போடுவது போல
ஒன்றில் பாதி, அதில் பாதி என்று
மருந்தை நீர்த்து நீர்த்து ஊற்றி
இன்னொரு ராத்திரி.

ஜன்னலில் வேலாத்தாள் நின்றிருந்தாள், அவர் சம்சாரம்.
"ஏனுங் கண்ணு, என்ன மருந்துங்க அது?"
கொலிஸ்டின் என்றேன்.
புரியாது என்று நினைத்தேன்.
"அட, அது நம்ம தீனி மருந்துங்கொ!
தடை போடற வரைக்கும் நாந்தானுங்க கலக்குவேன்,
டன்னுக்கு ஒரு கை.
குஞ்சு வெரசா எடை போடுமுங்க."
சொல்லிவிட்டு
உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்,
அதில் இன்னும் தூள் இருக்கிற மாதிரி.

அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்ததா?
தெரியாது. என் தட்டு ஊர் பேர் சொல்லாது.
கட்டில் கம்பியிலிருந்து வந்திருக்கலாம்,
அவசரத்தில் கழுவாத ஒரு கையிலிருந்து வந்திருக்கலாம்.
போன தையில் தொண்டை வலிக்கு
காந்திபுரத்து மெடிக்கலில் சீட்டில்லாமல்
அஞ்சு மாத்திரை வாங்கி
ரெண்டோடு நிறுத்தியவள் நான்.
மிச்சம் மூன்று
கைப்பையில் ரப்பர் பேண்டு போட்டு இருக்கிறது.

மறுநாள்.
முதல் குழி கலங்கல்.
இரண்டாவதும் கலங்கல்.
மூன்றாவது
சிறுவாணித் தண்ணி.

தொண்ணூறு லட்சம் யூனிட், முதல் தவணை,
டாக்டர் எழுதினார்.
"லட்சமுங்களா?"
முந்தானை முடிச்சுக்குக் கை போனது.
காசில்லைம்மா, அளவு என்றேன்.
காசும்தான். அதை பில் கவுண்டரில் சொல்வார்கள்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது.
அஞ்சாம் நாள் கிரியாட்டினின் ஏறியது.
கிருமி இந்த மருந்துக்குக் கேட்டது,
இந்த மருந்து சிறுநீரகத்திடம் கூலி கேட்டது.
அளவைக் குறைத்து, ஒரு நாள் பொறுத்து,
மறுபடி ரத்தம் எடுத்து,
டாக்டரும் நானும் போனில்
எண்களை மட்டும் பேசிக்கொண்டோம்.

"அடுத்த தடவை இதுக்கும் கேக்கலீன்னா?"
வேலாத்தாள் இதை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.
டிபன் தூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

பழைய தட்டுகளை ஆட்டோகிளேவில் அடுக்கினேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, கால் மணி நேரம்.
அங்கே எதுவும் எதிர்த்து நிற்காது.
ஆனால் அதற்குள்
ஒரு மனுசனை வைக்க முடியாதே.

மத்தியானம் அடுத்த பாட்டில் வந்தது.
அதே வார்டு.
பக்கத்துக் கட்டில்.
பேரைப் படிக்காமல்
எண்ணை மட்டும் ஒட்டினேன்.