இருநூற்றுப் பதினாலாம் மரம்

கீரிப்பாறையில் மூன்று மணிக்கு வெளிச்சம்
என் நெற்றியில் மட்டும்தான்.
அட்டைக்குப் புகையிலை தேய்த்த கால்,
இடுப்பில் வெட்டுக்கத்தி.

இருநூற்றுப் பதினாலாம் மரத்தில்
மழைக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடையைத் தூக்கினேன்.
பட்டையில் ஒரு விரலளவு
நகர்ந்தது.

வீட்டுப் பல்லி இல்லை இது.
உச்சுக் கொட்டாது,
எந்தத் திசைக்கும் பலன் சொல்லாது.
இமை கிடையாது; நாக்கால்
கண்ணைத் துடைத்துவிட்டு
என் விளக்கைப் பார்த்தது.
கருமணி நூலாய் ஒடுங்கியது.
வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டை
வெளியிலிருந்தே தெரிந்தன.

மூன்றாம் நாள் அவை பட்டையில்.
ஈரமாய் வந்து, ஒட்டி, இறுகி;
பிடுங்கினால் உடையும்.

நாகர்கோவில் கல்லூரியிலிருந்து வந்தவர்கள்
பகல் முழுக்கத் தேடினார்கள்,
கல்லைக்கூடப் புரட்டினார்கள்.
"இங்கே இல்லை" என்று எழுதிக்கொண்டு
நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்கள்.
என்னிடம் கேட்டிருந்தால்
சொல்லியிருப்பேனோ, தெரியாது.

சூப்பர்வைசர் ரசலையன் கேட்டார்:
"ரோணிக்கம், இந்தச் சிரட்டை என்ன
காஞ்சு கெடக்கு?"
"மரம் வத்திப்போச்சு" என்றேன்.
இரண்டு மாதம் கத்தி அந்தப் பக்கம் போகவில்லை.

நேற்று ஓடு இரண்டும் திறந்து கிடந்தன,
குழந்தைக்கு நகம் வெட்டிப் போட்டதுபோல.
குஞ்சுகளைக் காணோம். தாயையும்தான்.
விளக்கை அணைத்து
கொஞ்ச நேரம் நின்றேன். கொசு கடித்தது.

பிறகு வெட்டினேன்.
வற்றிப்போன மரம்
சிரட்டை வழியப் பால் விட்டது.
விடிவதற்குள் ரசலையனுக்கு
வேறு பொய் ஒன்று யோசிக்க வேண்டும்.