விளிம்பு

ஒரே ஊசியில் கோத்த ஐந்து குட்டிப் பதக்கங்கள்,
ஒவ்வொன்றும் சோழி அகலம்.
முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில்
பித்தளைத் தூக்குகளை ஒதுக்கிவிட்டு
தராசுத் தட்டிலேயே வைத்தார்
தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து வந்த ஞானசௌந்தரி.

"விக்க வரலை.
இதோட பெருசு இங்கதான் வந்துச்சு,
எண்பத்தேழுல.
அவரே கொண்டாந்து ஒங்கப்பாட்ட போட்டாரு.
எடைக்கு."

சுபேதார் சவரிமுத்து.
எழுபத்தொன்றில் கிழக்கே போனவர்.
அணிவகுப்புக்குப் பெரியது,
ராத்திரி விருந்தின் குட்டைக் கோட்டுக்குச் சின்னது.
ஒரே சண்டை, இரண்டு அளவு.

"வட்டமா இருக்கதுல, விளிம்புல பேரு வெட்டியிருக்கும்.
பென்சன் தாள்ல ஒரு எச் கூட,
ஆதார்ல ஒரு எச் கொறைய.
பதினாலு மாசமா அலையிறேன்.
பட்டாளத்துல வெட்டுன எழுத்த
எவன் இல்லங்க முடியும்?"

பூதக்கண்ணாடியில் சின்னதைத் திருப்பினேன்.
வழுவழு விளிம்பு.
சின்னதில் பெயர் கிடையாது,
கண்டோன்மெண்ட் தையல்கடையில்
காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

அப்பாவின் பேரேட்டை இறக்கினேன்.
நட்சத்திரம் 1, வட்டம் 4, கலப்பு உலோகம்,
நூற்று நாற்பது கிராம்.
அதிலும் பெயர் இல்லை.

போன இடம் தெரியும். விற்றவன் நான்தான்.
கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட வீடு,
சாப்பாட்டுக்கூடத்தில் கண்ணாடிச் சட்டம்,
மேலே வேட்டையாடிய மான்கொம்பு.
மேனேஜர் சாத்தப்பனைக் கூப்பிட்டேன்.
போனில் கரண்டிச் சத்தம்.

"வெல்வெட்டுல பசை போட்டு ஒட்டிருக்குண்ணே,
மேல் பாதிதான் தெரியுது.
நம்பர் இருக்கு. ஜே, சி, நாலு, ஒண்ணு..."
மீதி எண்களை
அவன் படிக்குமுன் இவர் சொன்னார்.
அங்கே கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பேரு?"
"எஸ், ஏ, வி... அப்பறம் பசை.
பிய்ச்சா வெல்வெட்டு கிழியும்ணே.
மொதலாளி வெளிநாட்டுல இருக்காக."

எட்டாயிரத்துக்கு ரசீது போட்ட கை
மேசைமேல் கிடந்தது.
"கிழி" என்றேன்.

காத்திருந்தோம்.
தட்டில் ஐந்தும் அப்படியே;
மூட்டை தூக்கும் தராசு அது,
முள் அசையவே இல்லை.
அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போனுக்குள் ஏதோ பிரிந்தது,
துணியா, பசையா.
"தண்ணி தொட்டுத் தொடைக்கிறேன், இருங்க" என்றான்.