பத்தரை மணி ஊசி

கீழ்ப்பாக்கத்தில் மெட்ரோவுக்குத் துளைக்கிறார்கள்.
மேசை அதிர்ந்தால்
கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.

ஒன்பது முட்டைகள்.
தில்ஷாத், வயது நாற்பது, பெரம்பூர்.
மூர் மார்க்கெட் எரிந்தபோது
உம்மாவின் வயிற்றில் ஆறு மாதம் இவள்.
அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது இந்தப் பிரிதல்:
தகப்பன் வழி இழையும் தாய் வழி இழையும்
ஜோடி சேர்ந்து
துண்டுக்குத் துண்டு மாற்றிக்கொண்டு
விலகப்போகும் நேரத்தில்
அப்படியே நின்றுவிட்டன.

பிறகுதான் அவள் பிறந்தாள்,
டைப்ரைட்டிங் லோயர் பாஸானாள்.
வாப்பாவும் உம்மாவும் ஜமாத்தில் பேசிப் பிரிந்தார்கள்.
உள்ளே மட்டும்
இருவர் இழையும் குறுக்கே பின்னியபடி.

முந்தாநாள் இரவு பத்தரைக்கு ஊசி.
நிமிஷம் தவறக்கூடாது என்றிருந்தேன்.
கல்யாண மண்டபக் கழிவறையில் போட்டுக்கொண்டாளாம்,
வெளியே பிரியாணிப் பந்தி.
அந்த மருந்து சொன்னது இவ்வளவுதான்:
ம், நடக்கட்டும்.

லென்ஸில் குனிகிறேன்.
ஆறு முட்டைகளில் முதல் பிரிதல் முடிந்திருக்கிறது.
நாற்பத்தாறில் இருபத்துமூன்று
சின்னக் குமிழியாய் ஓரம் ஒதுங்கிவிட்டன.
யாருடைய மூக்கு போனதோ அதில்,
யாருடைய முன்கோபமோ.
அந்தக் குமிழியைப் பார்த்துத்தான்
'தயார்' என்று டிக் அடிக்கிறோம்.
அதற்குப் பெயர் வைக்க யாரும் வரமாட்டார்கள்.

இரண்டாம் பிரிதல்
விந்து உள்ளே வந்தால்தான்.
அதுவரை திரும்பவும் நிற்கும்.
நாற்பது வருஷம் நின்று பழகியதற்கு
இது ஒரு பொருட்டா?

மேசை அதிர்கிறது.
கண்ணாடி ஊசியைப் பின்னுக்கு இழுக்கிறேன்.
காத்திருக்கிறோம்,
நானும் அதுவும்.