இருபத்தைந்தில் ஒரு பங்கு

முதலில் துரு.
கடையில் துருவென்று ஒரு டப்பா விற்கிறார்கள்.
அது வெறும் பழுப்பு.
துருவுக்கு வாய் உண்டு,
ஓரத்திலிருந்துதான் தின்னத் தொடங்கும்.
வெண்டோவரைத் தாண்டி, உப்புவெளியில்
ஒரு காப்பிக் கோப்பை நிறைய அள்ளி வந்தேன்.
செம்பழுப்பு அடித்த கதவை நனைத்து, உப்பைத் தூவி,
மேலே நீலம் தெளித்துக் காயவிட்டு
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்க,
உப்பு உதிர்ந்த இடமெல்லாம்
பொரிபொரியாய் எழுந்தது
முப்பத்திரண்டாம் வருடத்து ஃபோர்டின் வயது.

நிஜ வண்டி சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறது,
நான்கு மரக்கட்டைகள் மேல், பதினோராவது குளிர்காலமாக.
டிலாய் அதை ஓட்டப்போகிறான்.
முதலில் கூரை ஒழுகியது.
அப்புறம் அவன் முழங்கால்.
அப்புறம் பொட்டாஷ் ஆலையில் இரவு ஷிப்ட்.
அப்புறம், அப்புறம்.

ஜனவரியில் ஒரு நாள் டார்ச்சும் டேப்பும் எடுத்துக்கொண்டு
அதன் அடியில் மல்லாந்து படுத்தேன்.
எல்லாவற்றையும் இருபத்தைந்தால் வகுத்தேன்.
நீளம் வகுபடும், அகலம் வகுபடும்.
தூசி வகுபடாது.
நிஜத் தூசியைத் தூவினால்
என் வண்டி நிறையக் கூழாங்கல் கிடக்கும்.
சாக்பீஸை உரசி, மாவாக்கி, மெல்லிய துணியில் சலித்து
மை தீட்டும் தூரிகையால்
தொட்டும் தொடாமலும் வைத்தேன்.

பிளக் ஒயர்களுக்கு, செத்துப்போன இயர்போனின் நரம்பு;
எட்டு சிலிண்டர், எட்டு மயிரிழை.
ரேடியேட்டர் குழாய்க்குக் கிதார் தந்தி.
இருக்கைக்குக் காயத்தில் ஒட்டும் டேப்,
அதில் ஓட்டுகிறவன் பக்கம் மட்டும் ஒரு பள்ளம்:
சில இரவுகளில் டிலாய் போய்
சும்மா உட்கார்ந்திருப்பான்.
குரோமின் மினுக்கை அடக்கினேன்.
மினுக்குவது பொம்மை.

கடைசியில் பெட்ரோல் குழாய்.
டாங்க்கிலிருந்து புறப்பட்டு, சட்டத்தோடு வளைந்து,
இஞ்சினுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டிருந்தது.
எலி புகாமலிருக்க அதன் வாயில் சிவப்புத் துணி.
செப்புக் கம்பியை நானும் அங்கேயே நிறுத்தினேன்.
முனையில், என் சட்டையிலிருந்து உருவிய சிவப்பு நூல்,
எள்ளில் பாதி.

சால்ட் லேக் சிட்டியில், ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் போட்டி.
நடுவர் ஆரின் ஸ்டப்ஸ்
பல் வைத்தியரின் குட்டிக் கண்ணாடியை
வண்டிக்கடியில் நுழைத்தார்.
"குழாய் இஞ்சினில் சேரவில்லையே, அம்மணி."
"அங்கேயும் சேரவில்லை."
"அப்படியானால் இது ஓடாது."
மேசை மேலிருந்த நாற்பத்தொரு வண்டிகளையும் பார்த்தேன்.
எல்லாம் உள்ளங்கை அளவு.
நான்கு மதிப்பெண் குறைத்தார். மூன்றாம் பரிசு.

வீட்டில் டிலாய் ரிப்பனைப் பார்க்கவில்லை.
வண்டியை மல்லாத்தினான்.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
கண்ணருகே பிடித்து
வெகுநேரம்.
"எல்லாம் சரி," என்றான். "துணிதான் நீலம்."

"சிவப்பு. நான் பார்த்தேன்."
"நீலம்."

அவன் ஷிப்டுக்குப் போனபின் டார்ச்சோடு போனேன்.
நீலம்தான்.
புதிதாய்க் கிழித்த துணி, இன்னும் அழுக்குப் படியவில்லை.
குழாயும் ஜனவரியில் நின்ற இடத்தில் இல்லை,
நான்கு விரல் முன்னே வந்திருந்தது.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.
கேட்டால் கூரை ஒழுகத் தொடங்கிவிடும்.
மேசைக்குத் திரும்பி, விளக்கைப் போட்டு,
நான்கு விரலை இருபத்தைந்தால் வகுத்தேன்.
மூன்று மில்லிமீட்டர்.
செப்புக் கம்பி மிச்சம் இருக்கிறது.
நீல நூலுக்குத்தான்
அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறேன்.